இடமாகச் சுற்றிய சம்பந்தி

"நிறுத்துங்க சார்! மொதல்ல அந்தப் பாட்டை நிறுத்துங்க!"

"எதுக்கு மேடம் நிறுத்தணும்? இப்பத்தான் எல்லாருக்கும் கால் ஒழுங்கா வருது!"

"கால் ஒழுங்காத்தான் வருது. சுத்தறதுதான் எழவு வூட்டுச் சுத்தா கீது! நீங்க கல்யாணத்துக்கு ஆடறீங்களா, கொள்ளி வெக்கறதுக்கு ஆடறீங்களா?"

பாட்டு நின்றது. உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கல்யாண மண்டபத்தில், கட்டிப்பிடித்தபடி நான்கு ஜோடிகள் அப்படியே உறைந்து நின்றன. ஆடி மாதம் என்பதால் மண்டபத்தில் விசேஷம் எதுவும் கிடையாது. சுவரோரம் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தண்ணீர் கேன், சமையல்கட்டை நம்பி வந்து ஏமாந்த ஒரு பூனை. அவ்வளவுதான்.

நின்ற ஜோடிகளில் ஒன்று தேவராஜனும் அவர் மனைவி சாரதாவும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அந்த அம்மாளின் கையை நாலு பேர் பார்க்கப் பிடித்தது இந்த மாதம்தான். அதுவும் எப்படி? மின்சாரம் நின்றுவிட்டதா என்று சோதித்துப் பார்த்துவிட்டுக் கம்பியைத் தொடுவது போல. மனிதர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பழக்கம் விடுமா?

கத்தியது அவருடைய தங்கை ரேணுகா. கணக்கு டீச்சர். வயது நாற்பத்தேழு, கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் அவளே நாலு கேள்வி கேட்டு ஃபெயிலாக்கி அனுப்பிவிட்டாள் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கம்பத்தில் ஏறிப் பதினொரு கேவி மின்கம்பியைப் பார்த்துப் பயப்படாத தேவராஜன், தரையில் பயந்தது இந்தத் தங்கைக்கு மட்டும்தான்.

எதிரே நின்றவர் ஆல்பர்ட். பெரம்பூரில் ரயில்வே உத்தியோகம். கல்யாணப் பெண் ஜெனிஃபருக்குச் சித்தப்பா. இஸ்திரி கலையாத சட்டை, பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ, நரைத்தும் அடர்த்தி குறையாத மீசை. அண்ணன் செத்த பிறகு அண்ணியையும் குழந்தையையும் பார்த்துக்கொள்வதிலேயே அவருக்கும் கல்யாண வயது தாண்டிவிட்டது. பெரம்பூரில் ரயில்வேக்காரர்கள் கிறிஸ்துமஸுக்குக் கூடி ஆடும் ஜோடி நடனத்தில் அவரை அடிக்க ஆளில்லை என்பார்கள்.

இரண்டு வீட்டுக்கும் ஏற்கெனவே ஓர் ஒப்பந்தம் ஆகியிருந்தது. தேவராஜனின் ஒரே மகன் எழிலும் ஜெனிஃபரும் ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். காலையில் தாலி, அது எங்கள் முறை. சாயங்காலம் ரிசப்ஷனில் டான்ஸ், அது உங்கள் முறை. ஆவணியில் முகூர்த்தம். அதற்காகத்தான் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஒத்திகை. ஆல்பர்ட்டும் அவருடைய அண்ணி பாக்கியமேரியும் முன்னால் ஆடிக் காட்ட, எழிலும் ஜெனிஃபரும், கம்பெனி நண்பர்கள் இரண்டு ஜோடியும், "பொண்ணு மாப்பிள்ளை மட்டும் தனியா ஆடினா நல்லா இருக்காது" என்று இழுத்துவிடப்பட்ட தேவராஜன் தம்பதியும் பின்னால் ஆடினார்கள். ரேணுகா மட்டும் ஆடவில்லை. சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பரீட்சை ஹாலில் பிள்ளைகளைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படிப் பார்த்துத்தான் இந்தக் குற்றத்தைக் கண்டுபிடித்தாள். எல்லோரும் மண்டபத்தை இடமாகச் சுற்றுகிறார்கள்.

"கோயில்ல எப்படிச் சுத்தறோம்? வலமா. அக்கினியை எப்படிச் சுத்தறோம்? வலமா. இடமா சுத்தறது எங்க? சுடுகாட்டுல. பானையைத் தோள்ல வெச்சிக்கினு. நான் சொல்றது தப்பா அண்ணா?"

தேவராஜன் ஆல்பர்ட்டைப் பார்த்தார்.

"சம்பந்தி, இது உலகம் பூரா ஒரே ரூல்" என்றார் ஆல்பர்ட். "லண்டன்ல ஆடினாலும் இந்தப் பக்கம்தான், பெரம்பூர்ல ஆடினாலும் இந்தப் பக்கம்தான். அந்தக் காலத்துல துரைமாருங்களுக்கு இடுப்புல இடது பக்கம் வாள் தொங்கும். இப்படிச் சுத்தினா வாள் உள்பக்கம் போயிடும். ஓரத்துல உக்காந்து பாக்கறவங்க மேல இடிக்காது. அப்படித்தான் எங்க பெரியவங்க சொல்லுவாங்க."

"இப்ப யார்கிட்ட வாள் கீது?" என்றாள் ரேணுகா. "எங்க எழிலுக்கு இடுப்புல பெல்ட்டே நிக்கறதில்ல."

எழில் தன்னையறியாமல் பேண்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.

தேவராஜன் அவசரமாக இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். வராமல் இருப்பாரா பின்னே? எழிலுக்கு முப்பத்துநாலு வயது. ஒன்பது வருஷமாக ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்குமாக அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் அவனே ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டான். இதுவும் போனால் அவன் கல்யாணத்தைப் பார்க்கத் தனக்குக் கொடுப்பினை இல்லை என்று அவர் டீக்கடையிலேயே சொல்லியிருக்கிறார். அதனால் சமாதானம் பேச வாயைத் திறந்தார். அங்கே ஆரம்பித்தது வினை.

"ரேணு, மேல பாரேன். ஃபேனே இடமாத்தான் சுத்துது. அதுக்குக் கீழதானே தாலி கட்றோம்?"

"கீழேருந்து பார்த்தாத்தான் அண்ணா இடம். மேலேருந்து பார்த்தா அது வலம். சாமி மேலேருந்துதானே பாக்குது?"

"அப்போ இவங்களையும் கீழேருந்து பார்த்தா வலம்தானே?"

"கீழேருந்து பாக்கறது யாரு? புதைச்சவங்க!"

சாரதா "ஐயோ" என்று காதைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, உங்க ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் டே வருதே, ஓட்டப் பந்தயத்துல பசங்க எந்தப் பக்கம் ஓடுதுங்க?"

"இடது பக்கம்தான். அதான் ஒரு வருஷம்கூட எங்க ஸ்கூல் ஜெயிக்கல."

கணக்கு டீச்சரோடு வாதம் செய்யலாமா? தேவராஜன் தோற்றார். ரேணுகா கைப்பையை மாட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்: "வலமா சுத்துனா நான் வர்றேன். இடமாத்தான் சுத்துவோம்னா, இந்த மண்டபத்து வாசப்படி மிதிக்க மாட்டேன்."

இது சும்மா மிரட்டல் இல்லை. எழிலுக்குக் கூடப்பிறந்த அக்கா தங்கை கிடையாது. தாலியில் மூன்றாவது முடிச்சுப் போட வேண்டியவள் இந்த அத்தைதான். அவள் மடியில் வளர்ந்தவன் அவன்.

"அத்தே வரலேன்னா நான் தாலி கட்ட மாட்டேம்பா" என்றான் எழில். பெல்ட்டைத்தான் அவனால் நிறுத்த முடியாது, பிடிவாதத்தில் அசையாமல் நிற்பான்.

அன்று மதியமே தேவராஜன் ஆல்பர்ட்டைத் தனியாகக் கூட்டிப்போய், பஸ் நிலையத்து ஜூஸ் கடையில் கெஞ்சினார்.

"ஒரே ஒரு தபா வலமா சுத்திப் பாக்கலாமே சம்பந்தி. ரெண்டும் சுத்துதானே?"

"ரயிலை ராங் லைன்ல உடச் சொல்றீங்க" என்றார் ஆல்பர்ட். ஆனாலும் அண்ணன் மகளுக்காக ஒப்புக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு வலமாகச் சுற்றினார்கள். ஆல்பர்ட்டும் பாக்கியமேரியும் ஒரு மாதிரியாகச் சமாளித்துக்கொண்டு போனார்கள். ரேணுகா முகத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரிப்பு. "இப்பத்தான் பாக்க லட்சணமா கீது" என்று பக்கத்தில் யாரும் இல்லாத நாற்காலியிடம் சொன்னாள்.

பின்னால் வந்தவர்கள் கதைதான் வேறு. இரண்டு வாரமாக ஒரு பக்கமாகப் பழகின கால்கள். கம்பெனி நண்பன் ஒருவன் பழக்க தோஷத்தில் இடமாகத் திரும்ப, எதிரே எழிலும் ஜெனிஃபரும் வர, ஓரத்து ஜோடி தண்ணீர் கேன்மேல் சாய, கேன் உருண்டது. ஈரத் தரையில் தேவராஜன் வழுக்கி, விழாமல் இருக்கக் காலை ஊன்றினார். ஊன்றிய இடம் சாரதாவின் கால் கட்டைவிரல்.

"என் விரலே போச்சு! கண்ணு எங்க வெச்சிக்கினு ஆடற நீ?"

"நீதான் எதிர்ல வந்தே."

"ஆடறப்போ எதிர்லதான்யா வருவாங்க!"

சாரதாவுக்கு விரல் வீங்கியது. முப்பது வருஷம் ஆடியும் தன் தளத்தில் ஒருவர்கூட மோதிக்கொண்டதில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்த ஆல்பர்ட்டுக்கு மனசு வீங்கியது. "இனிமே வலம்னு யாராவது சொன்னா நான் பெரம்பூருக்கு வண்டி ஏறிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனித யோசனை தீர்ந்தது, இனித் தெய்வ யோசனை என்று தேவராஜன் பெருமாள் கோயிலுக்குப் போனார். ஸ்ரீனிவாச பட்டர் பிரசாதம் கொடுத்து முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு முழுக் கதையையும் கேட்டார்.

"நடுவில என்ன வைக்கப்போறேள்?"

"நடுவுல ஒண்ணும் இல்லீங்க சாமி. வெறும் தரைதான்."

"அப்புறம் என்ன ஓய்? நடுவில ஏதாவது இருந்தாத்தான் வலம், இடம் எல்லாம். நடுவில ஒண்ணுமே இல்லேன்னா அதுக்குப் பேர் வாக்கிங்."

தேவராஜனுக்கு உயிர் வந்தது. விழுந்து கும்பிட்டார். அதோடு வந்திருக்கலாம். பட்டர் பிரியமாக இன்னொன்றும் சொன்னார்: "அப்படியே பார்த்தாலும், கிரகங்கள்ல ராகுவும் கேதுவும் இடமாத்தானே சஞ்சாரம் பண்றா? அவாளைத் தப்புன்னு சொல்லுவமா?"

வீட்டுக்கு வரும் வழியில் தேவராஜன் வாக்கிங் விஷயத்தை மறந்துவிட்டார். வழியில் டீக்கடையில் உட்கார்ந்ததுதான் காரணம். வீட்டு வாசலில் காலை வைத்ததுமே, காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த மனைவியிடம் உற்சாகமாகக் கத்தினார்: "பட்டரே சொல்லிட்டாரு சாரதா! ராகு கேது எப்படிச் சுத்துதோ, அப்படித்தான் இவங்க சுத்தறாங்களாம்!"

சாரதா ஒத்தடத் துணியைக் கீழே போட்டாள். இத்தனை நாளாக அவள் எந்தப் பக்கமும் சேராதவள். எழிலுக்கு ஒன்பது வருஷமாகப் பெண் அமையாததற்கு ஜோசியர்கள் எல்லோரும் ஒருமுகமாகச் சொன்ன காரணம், ராகு கேது தோஷம். காளஹஸ்திக்கு அவளே இரண்டு தடவை போய்விட்டு வந்திருக்கிறாள்.

"அந்த ராகுவைத் தொலைக்கத்தான் நான் கோயில் கோயிலா ஏறி எறங்கினேன். அதை ரிசப்ஷனுக்குப் பத்திரிகை வெச்சுக் கூப்பிடறியா நீ? நானும் வர மாட்டேன் போ!"

ஆக, எதிர்க்கட்சியில் இருந்தவர் ஒருவர், இப்போது இருவர்.

இந்தச் சமயத்தில்தான் வீடியோ எடுக்கும் தமிழ்வாணன் ஒரு வழி சொன்னான். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்யாணங்களில் ட்ரோன் விட்டுத் தென்னை மரத்தில் மாட்டவைப்பவன் அவன்தான். திறமைசாலி.

"இன்னாத்துக்கு அங்கிள் இவ்ளோ பேஜாரு? அவங்க எந்தப் பக்கம் வேணா ஆடட்டும். வீடியோவை நான் கண்ணாடி மாதிரி திருப்பிடறேன். இடம் வலமாயிடும், வலம் இடமாயிடும். ஒரே பட்டன்."

"கண்டுபிடிக்க முடியாதா?"

"கடவுளே வந்தாலும் முடியாது அங்கிள்."

அடுத்த ஒத்திகையை அவன் படம் பிடித்தான். ஆட்டத்தையும், ஆட்டம் முடிந்து எல்லோரும் இட்லியும் வடையுமாக நாஷ்டா தின்றதையும் சேர்த்துப் பிடித்துத் திருப்பினான். தேவராஜன் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'மங்களகரமாக வலமாகச் சுற்றும் காட்சி' என்று கீழே எழுதினார். நிம்மதியாகக் கண் அயர்ந்தார்.

எழுப்பியது வாலாஜாபாத் பெரியம்மாவின் போன்.

"டேய் தேவராஜி, வீடியோ பார்த்தேன். ஏன்டா எல்லாரும் நொட்டாங்கையால வடை துன்றீங்க?"

தேவராஜன் எழுந்து உட்கார்ந்தார்.

"எழிலு சின்ன வயசுலேருந்தே நொட்டாங்கைக்காரனா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லியே! இதனாலதான் பொண்ணு கெடைக்கலியா? சாரதா இன்னா, சேட்டு வூட்டு அம்மா மாதிரி முந்தானையை வலது தோள்ல போட்டுக்கினு கீறா? பின்னாடி சுவத்துல மண்டபத்துப் பேரு கீதே, அது இன்னா பாஷைடா?"

"பெரியம்மா, அது வந்து..."

"எங்கடா எடுத்தீங்க இதை? வெளிநாட்டுலயா?"

அதற்குள் குழுவில் நாற்பது செய்திகள். ஒருவர் தோல் டாக்டரின் பெயரைக்கூட அனுப்பியிருந்தார், எழிலின் இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்குப் பரவிவிட்டதாம். ரேணுகாவுக்கும் வீடியோ போயிருந்தது. அவள் நேராகவே வந்தாள்.

"வீடியோவுல வலமா சுத்தி எனக்கு இன்னா பிரயோஜனம்? நான் நேர்லதானே உக்காந்து பாக்கறேன்?"

"ஊருக்காகத்தானே ரேணு..."

"ஊரு எப்படியோ போவட்டும். எனக்கு நேர்ல வலமா சுத்தணும். நான் ஆணையிட்டுட்டேன்."

தமிழ்வாணன் அன்றைக்கே குழுவிலிருந்து விலகிவிட்டான். தேவராஜனாலும் முடிந்திருந்தால் விலகியிருப்பார்.

ஆடியின் கடைசி ஞாயிறு. ஆல்பர்ட் மண்டபத்துக்கு வந்தது ஒத்திகைக்காக இல்லை, தன் ஸ்பீக்கர் பெட்டியை எடுத்துக்கொண்டு போக. இரண்டு வீட்டாரும் இருந்தார்கள். சாரதா வீங்கின விரலுக்குச் செருப்பு மாட்ட முடியாமல் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்தாள். ரேணுகா வழக்கம்போல் சுவரோரம். ஜெனிஃபரின் கண் சிவந்திருந்தது.

ஆல்பர்ட் ஸ்பீக்கரின் வயரைச் சுருட்டினார். பிறகு சுருட்டியதைக் கையில் வைத்துக்கொண்டே ரேணுகாவின் பக்கம் திரும்பினார்.

"மேடம், இவ அப்பா போனப்ப இவளுக்கு ஏழு வயசு. சாப்பிட மாட்டா, பேச மாட்டா. என் ஷூ மேல நிக்கவெச்சு ரூம் பூரா சுத்திக் காட்டினேன். அப்பத்தான் சிரிச்சா. இவ கல்யாணத்தன்னிக்கும் அப்படி ஒரு சுத்து சுத்தணும்னு ஆசைப்பட்டேன், அவ்ளோதான். அது உங்களுக்கு எழவு மாதிரி தெரியுதுன்னா வேணாம் மேடம். கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும். நான் வரல."

ரேணுகா, தனக்கே விடை தெரியாத கேள்வி கேட்டுவிட்ட பிள்ளையைப் பார்ப்பது போல் அவரைப் பார்த்தாள்.

"சித்தப்பா வரலேன்னா நான் கழுத்தை நீட்ட மாட்டேன்" என்றாள் ஜெனிஃபர்.

"அத்தே வரலேன்னா நான்..." என்று ஆரம்பித்தான் எழில்.

"தெரியும்டா! நீ தாலி கட்ட மாட்டே! ஊருக்கே தெரியும்!" என்றார் தேவராஜன்.

அவர் குரல் உயர்ந்ததை அந்தக் குடும்பத்தில் யாரும் அதற்குமுன் கேட்டதில்லை. பூனைகூட எழுந்து வெளியே போய்விட்டது. மனிதர் ஒரு மாதமாக ஏறின கம்பத்திலிருந்து எல்லாம் ஷாக் வாங்கியிருந்தார். ஒரு நாற்காலியைத் தூக்கினார். யாரையோ அடிக்கப்போகிறார் என்று எல்லோரும் பதறினார்கள். அவர் அதை மண்டபத்தின் நட்டநடுவில் கொண்டுபோய்த் தடாலென்று போட்டார்.

"இத்தோ பார் ரேணு! ஓரத்துல உக்காந்துக்கினு குத்தம் சொல்லாதே! வா, நடுவுல வந்து உக்காரு! உன்னையே சாமின்னு நினைச்சிக்கினு சுத்தறோம். இடமா சுத்தினா என்ன ஆயிடுதுன்னு நீயே உக்காந்து பாத்துடு!"

சாரதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். நடுவில் ஒன்றும் இல்லையென்றால்தான் அது வாக்கிங் என்று பட்டர் சொன்னது, ஒரு வாரம் தாமதமாக அப்போதுதான் தேவராஜனுக்கு ஞாபகம் வந்தது. இப்போது நடுவில் உயிரோடு ஒரு கணக்கு டீச்சர். அவளைச் சுற்றி இடமாக! இதைவிட அபசகுனமாக ஒரு யோசனையைத் தெற்குத் திசைக்காரனான எமன்கூடச் சொல்லியிருக்க மாட்டான். எல்லோரும் ரேணுகாவின் வாயையே பார்த்தார்கள்.

ரேணுகா எழுந்தாள். புடவை மடிப்பைச் சரிசெய்தாள். நடந்து வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ம். ஆடுங்க, பாக்கறேன்."

ஆல்பர்ட் அசையவில்லை. பாக்கியமேரிதான் அவர் கையிலிருந்து வயரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "வா தம்பி, டீச்சர் கேக்குறாங்கல்ல" என்று தோளில் கை வைத்தாள். பாட்டு ஆரம்பித்தது. இருவரும் இடமாகவே நகர்ந்தார்கள். சுவரை ஒட்டி நீளமாக ஒரு பக்கம், பிறகு திரும்பி அகலமாக ஒரு பக்கம்.

ரேணுகா முதலில் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தாள். பிறகு உடம்பைத் திருப்பினாள். அதற்கும் மேல் அவர்கள் பின்புறமாகப் போனபோது, எழுந்து நாற்காலியையே திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

சுற்று முடிந்தது. 

"நல்லாத்தான் கீது" என்றாள்.

"ரேணுகா, அவங்க இடமா இல்ல சுத்துனாங்க?" என்றாள் சாரதா.

"இடமாவே இருக்கட்டும் அண்ணி. எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குல்ல? ஊர் உலகமே ஒரு பக்கமா சுத்துறப்போ நாம மட்டும் எதிர்ல போயி மோதிக்கறதா? ஆல்பர்ட் சார், இன்னொரு ரவுண்டு போங்க. அப்பத்தான் எனக்குத் தெளிவா புரியும்."

கட்சித் தலைவியே மாறிய பிறகு சாரதாவும் ராகுவை விட்டுவிட்டாள். எழில் அத்தையைக் கட்டிக்கொண்டான். ஜெனிஃபர் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டாள். தேவராஜன் நாற்காலியில் சாய்ந்து தண்ணீர் கேட்டார். அன்று சாயங்காலத்திலிருந்து டீக்கடையில் அவர் நடையே வேறு. "ஒரே ஒரு சத்தம்தான்யா போட்டேன். முப்பது வருஷமா போட்டிருக்க வேண்டிய சத்தம். பொட்டிப் பாம்பா அடங்கிட்டா" என்று கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

ஆவணியில் கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. ரேணுகா மூன்றாவது முடிச்சுப் போட்டாள். சாயங்காலம் பட்டுப்புடவையில், தலை நிறைய மல்லிகையோடு மண்டபத்து நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளைச் சுற்றி ஜோடிகள் இடமாக ஆடிக்கொண்டு போனார்கள். ஆல்பர்ட் முதலில் ஜெனிஃபரோடு ஒரு சுற்று சுற்றினார், பாதியில் இருவரும் அழுதார்கள். பிறகு அண்ணியோடு அவர் நிறுத்தாமல் ஆடினார். "இன்னொரு ரவுண்டு" என்று நடுவிலிருந்து உத்தரவு வந்துகொண்டே இருந்தது.

விருந்தாளிகளுக்கு விஷயம் தெரியாது. அத்தையை நடுவில் உட்காரவைத்துச் சுற்றுவது பெண் வீட்டு ரயில்வே சம்பிரதாயம் என்று மாப்பிள்ளை வீட்டாரும், மாப்பிள்ளை வீட்டு உத்திரமேரூர் சம்பிரதாயம் என்று பெண் வீட்டாரும் நினைத்துக்கொண்டார்கள். ஐப்பசியில் ஐயங்கார்குளத்தில் நடந்த சொந்தக்காரக் கல்யாணத்தில் அவர்களும் ஓர் அத்தையைப் பிடித்து நடுவில் உட்காரவைத்தார்களாம். அந்த அம்மாளுக்குத் தலை சுற்றி, சோடா தெளிக்க வேண்டியதாகிவிட்டது.

எழிலும் ஜெனிஃபரும் வேலைக்குப் போகச் சௌகரியம் என்று வாலாஜாபாத்தில் வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். பெரியம்மா முதல் நாளே வந்து எழில் எந்தக் கையால் சாப்பிடுகிறான் என்று பார்த்துவிட்டுத்தான் காபி குடித்தாள். தமிழ்வாணன் ஏனாத்தூர்ப் பக்கம் ஸ்டுடியோ வைத்து, அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு செட்டிலாகிவிட்டான். அவன் கல்யாண வீடியோவை வேறு ஆளை வைத்து எடுத்தான் என்று கேள்வி.

பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். ரேணுகா மாறுதல் வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போனாள். போனவள் அடுத்த முகூர்த்த நாளில் ஆல்பர்ட்டைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். சாட்சிக் கையெழுத்துப் போட்டது எழிலும் ஜெனிஃபரும். இனி ஜெனிஃபர் அவளை அத்தை என்று கூப்பிடுவதா, சித்தி என்று கூப்பிடுவதா என்று எங்கள் தெருவில் நாலு நாள் பேசினோம், முடிவுக்கு வர முடியவில்லை.

தேவராஜனுக்குத்தான் நம்ப முடியவில்லை. கேக் டப்பாவோடு விஷயம் சொல்ல வந்த பாக்கியமேரியை உட்காரவைத்து, காபி ஆறுவதுகூடத் தெரியாமல் புலம்பினார்.

"இன்னா சம்பந்தியம்மா இது? அந்த ஆட்டமே ஆகாதுன்னு ஒரு மாசம் எங்க உயிரை வாங்கினவ. வலமா சுத்து, வலமா சுத்துன்னு ஒத்தக்கால்ல நின்னவ. நான் ஒரு சத்தம் போட்டு நடுவுல உக்காரவெச்சதும் பொட்டிப் பாம்பா அடங்கினவ. அவ போயி அந்த ஆட்டக்காரரையே கட்டிக்கிட்டான்னா, எனக்குக் கணக்கே புரியலியே!"

பாக்கியமேரி அவர் காபியையும் சேர்த்து எடுத்துக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அவர் கையைப் புடிச்சிக்கினு ஆடினது நான்தானே சம்பந்தி, எனக்குத் தெரியாதா? இந்த ஆட்டத்துல ஆம்பளைங்க இடது பக்கமாத்தான் மூஞ்சியைத் திருப்பிக்கினு போவணும். இடமா சுத்தினா அந்த மூஞ்சி நடுவைத்தான் பாக்கும், சுவத்தோரமா உக்காந்துக்கினு இருந்த உங்க தங்கச்சிக்குப் பாவம், ஒரு மாசமா எங்க தம்பியோட முதுகைத் தவிர வேற இன்னா தெரிஞ்சுது?"